பலூனில் ஒட்டியிருந்த சர்க்கரை

என் சித்தி மார்வா விமானம் கட்டுகிறாள் என்றால் எங்கள் ஊரில் யாரும் வாயைப் பிளப்பதில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் எங்கள் பக்கத்து விமானத்திடலில் உள்ள தகரக் கொட்டகைகளில் பாதியில் யாராவது எதையாவது கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முடிப்பவர்கள்தான் குறைவு.

சித்திக்கு சீஸ் தொழிற்சாலையில் பால் தொட்டிகளைக் கழுவும் பிரிவில் மேற்பார்வை வேலை. சரியாகக் கழுவாத தொட்டியைக் கண்டால் அவளுக்குக் குமட்டும். அந்த மூக்கோடுதான் கொட்டகைக்கும் வந்தாள். முதல் குளிர்காலம் முழுக்க, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிக்கக் கற்றாள். தலை சாய்ந்த ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிப்பாள். அடுத்த கொட்டகையில் தன் விமானத்தை முன்பே கட்டி முடித்துவிட்ட ஓரின் எட்டிப் பார்த்து, பெயின்ட் அடித்தால் எல்லாம் மறைந்துவிடும் என்பான். அந்தப் பேச்சே அவளுக்குத் திரிந்த பால் மாதிரி.

ரிவெட்டாவது பரவாயில்லை. இறக்கைக்குள் இருக்கும் பெட்ரோல் டேங்கின் இணைப்புகளை ஒரு கருப்புப் பசையால் அடைக்க வேண்டும். கலந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கையுறை, தலைமுடி, கதவுப் பிடி என்று தொட்ட இடமெல்லாம் ஒட்டும். கேக்கின் மேல் க்ரீம் பிழியும் பையில் அதை நிரப்பி மூலைகளில் பிழியக் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் வீட்டில் யாரும் கேக் கேட்கவில்லை. அருவருப்போடுதான் செய்தாள், ஆனால் விடவில்லை. டேங்க் கசிந்தால் பெட்ரோல் அவள் காலடிக்கே வரும். பிறகு ஒரு பொறி போதும். டேங்க் தேறிவிட்டால் இந்தக் கோடையிலேயே பறந்துவிடலாம்.

சோதனை எளிது. டேங்கில் கொஞ்சம் காற்றை அடைத்து, குழாய் வாயில் ஒரு பலூனை மாட்ட வேண்டும். மறுநாளும் பலூன் வாடாமல் நின்றால் டேங்க் தேறியது. எங்கள் திடலில் அதைப் பார்க்கச் சனிக்கிழமை காலை காபியோடும் சர்க்கரைத் தூள் தூவிய டோனட்டோடும் எல்லோரும் கூடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை சிவப்புப் பலூன் கொழுகொழுவென்று நின்றது. கைதட்டினார்கள். சித்தி குனிந்து பார்த்தாள். பலூனின் கழுத்தில் வெள்ளைச் சர்க்கரைத் தூள் ஒட்டியிருந்தது.

"ஓரின், இதத் தொட்டியா?"

"லேசா வாடியிருந்துச்சு, மார்வா. குளிருதானே. ஒரு ஊது ஊதிவிட்டேன். இத்தன பேரு வர்றப்ப நீ மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கணுமாக்கும்?"

குளிரில் பலூன் கொஞ்சம் சுருங்குவது உண்மைதான். சித்தி சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து டேங்கின் விளிம்பெல்லாம் தடவினாள். பின் மூலையில் ஒரு குமிழி மெல்ல வீங்கி உடைந்தது. பிறகு இன்னொன்று. இவ்வளவு சின்னக் கசிவுக்கு இன்னும் கொஞ்சம் பசை தடவினால் போதும் என்று யாரோ சொன்னார்கள்.

சித்தி ஓரினின் வாயையே பார்த்தாள். அந்த வாயில் இன்னும் சர்க்கரை இருந்தது.

"உன் டேங்குக்கு யாரு ஊதினா?"

ஓரின் சிரித்தான். "அது பறந்துக்கிட்டுதானே இருக்கு."

"நான் அதக் கேக்கல."

ஒவ்வொரு ஞாயிறும் அவனோடு பறப்பவள் அவன் மனைவி நெல்டா. அவள் டோனட் பெட்டியை மூடினாள்.

"அவ கேட்டதுக்குப் பதில் சொல்லு, ஓரின். யாரு ஊதினா?"

அவன் தன் பூட்ஸைப் பார்த்தான். தன் டேங்கைச் சோதித்த அன்றும் குளிர் என்றும், அங்கே நின்றிருந்த நண்பன் கார்ல்தான் ஊதி உதவினான் என்றும் ஏதோ முனகினான். கார்ல் வாசல் பக்கம் நகர்ந்தான். நெல்டா கார் சாவியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். நாளைக்கு என்னைத் தேடாதே என்று மட்டும் சொன்னாள்.

கூட்டம் முழுதாகக் கலையவில்லை. சித்தி பலூனை இரண்டு விரலால் பிடித்துக் கழற்றிக் குப்பையில் எறிந்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். பிறகு எல்லோர் முன்னாலும் துளைக்கருவியை எடுத்து, உள்ளேயிருந்து மறுபடி அடைப்பதற்காக டேங்கின் பின்தகட்டிலிருந்த ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்கத் தொடங்கினாள். இந்தக் கோடையில் அவள் பறக்கப்போவதில்லை.