ஹெல்விக்கு வந்த சந்தேகம்

என் மனைவி ஹெல்வி தன் நிழலைக்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பாள். வேலை அப்படி. வட ஒன்டாரியோவில், தார்ச்சாலை முடிந்து ஏரிகள் தொடங்குகிற ஊரில், கேனோ படகுகளை வாடகைக்கு விடுகிறோம். படகும் கூடாரமும் என் பொறுப்பு. முதல்முறை வருகிறவர்கள் எந்த ஏரியில் இறங்க வேண்டும், எந்தக் காட்டுப்பாதையில் படகைத் தோளில் சுமந்து அடுத்த ஏரிக்குப் போக வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுப்பது அவள்.

வருகிறவன் எல்லாம் புளுகுவான். குட்டையில் கால் நனைத்தவன்கூட கடலைத் தாண்டியதாகச் சொல்வான். ஹெல்வி தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். எதையும் நம்பாமல் பென்சிலை எடுப்பாள். பெரிய ஏரி கிடையாது, மதியக் காற்று எழும்பினால் புதியவர்கள் தாங்க மாட்டார்கள். வேகமாக ஓடும் ஆறு கிடையாது. சின்னச் சின்ன ஏரிகள், குட்டையான சுமைப்பாதைகள், ஒரே இடத்தில் இரண்டு இரவு. "அலுப்பா இருக்குமே" என்று யாராவது முனகினால், "அலுப்புல யாரும் செத்ததில்ல" என்பாள். அவள் அனுப்பிய யாரும் இதுவரை முழுகவில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. எனக்கும் உண்டு, வெளியே சொல்ல மாட்டேன்.

ஜூன் மாதம் வின்னிபெக்கிலிருந்து கார்த், நோரீன் என்று ஒரு தம்பதி வந்தார்கள். ஐம்பதை ஒட்டிய வயது, ஆனால் கல்யாணம் புதுசு.

"இதுக்கு முன்ன துடுப்பு பிடிச்சிருக்கீங்களா?"

"சுத்தமா தெரியாதுங்க," என்றான் கார்த். "ரெண்டு பேருமே புதுசு."

ஹெல்வியின் பென்சில் நின்றது. தெரியாது என்று எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொண்ட ஆம்பிளையை அவள் பார்த்ததே இல்லை.

"எந்த மாதிரி இடம் வேணும்?"

"யாருமே வராத ஏரி இருந்தா நல்லது. ஒரு ஆளும் கண்ணுல படக் கூடாது."

வெளியே அழைத்துப்போய்ப் படகைக் காட்டினேன். குனிந்து அதைத் தொடையில் ஏற்றி, ஒரே உந்தலில் தலைக்கு மேல் புரட்டப் போன கார்த், நோரீன் திரும்பியதும் கையை விட்டுவிட்டான். தொப்பென்று விழுந்தது. "அடடா, இதை எப்படித் தூக்கறது?" என்று என்னிடமே கேட்டான். அப்புறம் கார் கூரையில் அதைக் கட்டியபோது அவன் போட்ட முடிச்சு என் முடிச்சைவிடச் சுத்தம்.

சாயங்காலம் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையில் உட்கார்ந்து, நான் பார்த்ததைச் சொன்னதும் ஹெல்வி ஆரம்பித்தாள்.

"தெரிஞ்சவன் எதுக்குத் தெரியாதுங்கறான்?"

"அடக்கம்னு ஒண்ணு இருக்கு ஹெல்வி. உனக்குப் பழக்கமில்ல."

"அடக்கமாம் அடக்கம்! அவளுக்கு நீச்சல் தெரியாது, கேட்டுட்டேன். ஆளில்லாத ஏரி கேக்கறான். படகு கவுந்து அவ போயிட்டா, 'ஐயோ, நாங்க புதுசு'ன்னு அழுவான். ஆமா, புதுசுதான்னு சாட்சி சொல்றது யாரு? நாம!"

சிரிக்க வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. "போலீசுக்குச் சொல்லலாமே?"

"என்னன்னு? முடிச்சை நல்லாப் போட்டான்னா?"

அவர்களுக்கு அவள் போட்டது, எப்போதும் ஆள் நடமாட்டமுள்ள கரண்டி ஏரி வழி. அங்கே ஆளே வராது என்று வாய்கூசாமல் சொல்லியிருந்தாள். மறுநாள் காலை அவர்கள் கிளம்பியதும் நாங்களே பின்னால் கிளம்பினோம். வழியைப் போட்டவளுக்கு அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று தெரியாதா? வழக்கம்போல் நான் முன்னால், படகைத் திருப்புகிற பின் இருக்கையில் அவள். "இடது! இன்னும் இடது! தூங்கறியா உர்ஹோ?" கல்யாணமான நாள்முதல் என் முதுகு கேட்கிற பாட்டு இது.

முதல் சுமைப்பாதையின் வாயில் கார்த் தனியாக நின்றான். நோரீன் மூட்டையோடு முன்னே போயிருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் படகை ஒரே வீச்சில் தோளுக்கு ஏற்றினான். எங்கள் படகு கரை தட்டுமுன் ஹெல்வி முழங்கால் தண்ணீரில் குதித்துவிட்டாள்.

"இறக்குய்யா அதை! யாருய்யா நீ? அவளை என்ன பண்ணப் போற?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "மெதுவாப் பேசுங்கம்மா, அவளுக்குக் கேட்டுடும். நான் வடக்க ஆத்துல வழிகாட்டியா இருந்தவன்."

"அதை எதுக்கு மறைக்கற?"

"பின்னாடி உக்காந்தா என் வாய் நிக்காது. அப்படித் திருப்பு, இப்படிப் போடுன்னு... கரை ஏறினாலும் நிக்காது. முதல் பொண்டாட்டி அதுலதான் என்னை விட்டுட்டுப் போனா. நோரீனோட முதல் புருஷனும் அதே ரகம். 'அதிகாரம் பண்ண ஆரம்பிச்சா அன்னைக்கே கிளம்பிடுவேன்'னு சொல்லித்தான் என்னைக் கட்டிக்கிட்டா. எனக்கு ஒண்ணும் தெரியலன்னா அவளே பின்னாடி உக்காருவா. நான் வாயை மூடிக்குவேன்."

"ஆளில்லாத ஏரி?"

"அவ தப்புத்தப்பா ஓட்டறதைப் பாத்து யாராவது சிரிச்சா கூசிப்போயிடுவா. இவளும் போயிட்டா எனக்கு யாரும் இல்லம்மா."

நோரீன் திரும்பி வந்தாள். எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எங்க இங்க?"

ஹெல்வி என்ன சொல்லப் போகிறாளோ என்று அவளைப் பார்த்தேன். கார்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாதையில மரம் விழுந்திருக்கான்னு பாக்க வந்தோம். உங்க வீட்டுக்காரருக்குப் படகு தூக்கத் தெரியல. சொல்லிக்கொடுத்தேன்," என்றாள் ஹெல்வி.

பாதையின் மறுமுனையில் அவர்கள் அடுத்த ஏரியில் இறங்கியதை நின்று பார்த்தோம். நோரீன் பின்னால். படகு கோணல்மாணலாகப் போய், நீருக்கடியில் கிடந்த பாறையை நோக்கித் திரும்பியது. முன்னால் இருந்தவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? அவன் தோள் இறுகியது. ஹெல்வி கத்த வாயைத் திறந்து, தன் கையாலேயே பொத்திக்கொண்டாள். அவன் பேசவில்லை. டமாரென்று இடித்துப் படகு சாய்ந்தது. நோரீன் அலறிக்கொண்டே துடுப்பைப் பாறையில் ஊன்றித் தள்ளினாள், படகு விடுபட்டது.

"கார்த்! நானே எடுத்துட்டேன்!"

"எப்படிம்மா பண்ணுன?" என்று கேட்டான்.

அதே பாதையில் திரும்பி நடந்தோம். எங்கள் படகுக்கு வந்ததும் ஹெல்வி நேரே போய் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். உடம்புக்கு ஏதாவது செய்கிறதோ என்று எனக்குப் பயம். பின்னால் ஏறித் தள்ளினேன். நான் போட்ட முதல் துடுப்பிலேயே படகு நாணலுக்குள் புகுந்தது.

"ஹெல்வி, எந்தப் பக்கம் போடட்டும்?"

அவள் திரும்பவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

"எனக்கென்ன தெரியும்? நீதானே பின்னாடி இருக்க."