லைசென்ஸ் செல்லாத ஊர்

இந்த ஊரில் ஒருவருக்கு ஒரே நாளில் இரண்டாம் முறை 'பொன்ழூர்' என்று வணக்கம் சொன்னால் அவர் முகம் மாறிவிடுகிறது. பிரான்சின் துலூஸில் விமானப் பழுதுபார்ப்புக் கூடம் ஒன்றில் சேர்ந்த முதல் வாரம் எனக்கு இது தெரியாது. காலையில் வணக்கம் சொன்ன மேற்பார்வையாளர் பத்ரிஸுக்கு மதியமும் சிரித்துக்கொண்டே சொன்னேன். "நாம்தான் காலையிலேயே பார்த்துக்கொண்டோமே" என்றார் பிரெஞ்சில். இரண்டாம் முறை சொன்னால், காலையில் அவரைப் பார்த்ததையே நான் மறந்துவிட்டேன் என்று பொருளாம். புதுச்சேரியில் ஒரே ஆளை நாலு தடவை பார்த்தால் நாலு தடவையும் "சாப்ட்டீங்களா" என்று கேட்டு வளர்ந்தவள் நான். அன்றிலிருந்து யாருக்குச் சொன்னேன், யாருக்குச் சொல்லவில்லை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டே நடக்கிறேன்.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒரு சொல்லில் இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பெண்ணிடம் லைசென்ஸைப் பிரெஞ்சாக்கி, எனக்கு 'லிசான்ஸ்' இருக்கிறது என்றேன். "எதில்? வரலாறா, இலக்கியமா?" என்று கேட்டாள். இங்கே அந்தச் சொல்லுக்குப் பட்டப்படிப்பு என்று அர்த்தம். விமானம் என்று கையால் இறக்கை காட்டியதும், "ஓ, ஓட்டுவீர்களா?" என்றாள். நான் ஓட்டுகிறவள் இல்லை, ஓட்டலாம் என்று சொல்கிறவள். அதைப் பிரெஞ்சில் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை.

சென்னை விமான நிலையத்தில் என் வேலை அதுதான். பழுது பார்த்த விமானம், லைசென்ஸ் உள்ள பொறியாளர் கையெழுத்துப் போடும்வரை நகராது. விமானியும் காத்திருக்க வேண்டும். அந்த உரிமைக்காகப் பரீட்சைமேல் பரீட்சை எழுதி, வருடக்கணக்கில் கிரீஸில் கிடந்திருக்கிறேன். முதல் கையெழுத்துப் போட்ட அன்று, அந்த விமானம் டெல்லியில் இறங்கிவிட்டது என்று கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. புதுச்சேரி குருசுக்குப்பத்தில் படகு இன்ஜின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்த அப்பா, ஞாயிற்றுப் பூசை முடிந்து வந்தவர்களையெல்லாம் நிறுத்தி இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐரோப்பாவில் அந்த லைசென்ஸ் செல்லாது. தேர்வுகளை முதலிலிருந்து எழுத வேண்டும், பழைய அனுபவத்தில் ஒரு பகுதியைத்தான் ஏற்பார்கள், அதுவரை மெக்கானிக். நான் முடித்த வேலைக்கு மத்தியூ என்ற இளைஞன் கையெழுத்துப் போட்டான். நான் முதல் விமானத்தை அனுப்பியபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். நல்ல பிள்ளை. ஒருநாள், "இந்தியாவில் என்ன வேலை பார்த்தாய்?" என்று கேட்டான். "நீ பார்க்கிற வேலை" என்றேன். என் பிரெஞ்சு தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டு, "நான் பார்க்கிற வேலையைக் கற்றுக்கொள்ள ஆசையா?" என்று அன்போடு திருத்தினான்.

சட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை. உயிர்களைச் சுமந்து பறக்கிற பொருளுக்குப் போட்ட சட்டம். ஆனால் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய விமானங்கள் ஐரோப்பாவில் வந்து இறங்கியபோது யாரும் தடுக்கவில்லை. தடுத்தது என்னை மட்டும்தான்.

ஊரில் இதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லும் நிலை ஒரு விடுமுறையில் வந்தது. பெரியம்மா மகள் ஸ்டெல்லா அக்காவின் பெண் ஜெனி பிளஸ் டூ முடித்திருந்தாள்.

"பிளேன் மெக்கானிக் படிப்புக்கு சீட்டு வாங்கிட்டோம்டி. பிள்ளைச்சாவடில இருக்கற மனைய வித்துடலாம்னு இருக்கோம். லைசென்ஸ் வந்ததும் நேரா உங்கிட்ட வந்துடுவா" என்றாள் அக்கா.

"காலேஜ் லைசென்ஸ் தராதுக்கா, சர்டிபிகேட்தான் தரும். லைசென்ஸுக்கு கவர்மென்ட் பரீட்சை. அதுக்கும் மேல ஏதாவது கம்பெனி உள்ள விட்டு வேலை பழக்கணும். அந்த எடந்தான் கெடைக்காது."

"எல்லாம் அவங்களே ஏற்பாடு பண்றாங்களாம்."

"நானே அங்க இன்ஜினியர் இல்லக்கா. நான் பாத்த வேலைக்கு இன்னொருத்தன் கையெழுத்து போடறான்."

அக்கா என் கைப்பையைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். "நீ மட்டும் போலாம், எம் பொண்ணு போவக் கூடாதா?" என்றாள் சன்னமாக.

ஜெனி கேட்டாள்: "சித்தி, நீங்க படிக்கறப்ப யாரும் வேணாம்னு சொல்லலியா?"

"எல்லாரும்தான் சொன்னாங்க."

"கேட்டீங்களா?"



மனை விற்கப்பட்டது. ஜெனி படித்து முடித்தாள், அரசாங்கத் தேர்வில் சில தாள்களும் தேறினாள். வேலை பழக எந்த நிறுவனமும் அவளை எடுக்கவில்லை. இப்போது கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு ஓட்டலில் வரவேற்பறையில் நிற்கிறாள். அங்கே வரும் பிரெஞ்சுக்காரர்களிடம் என்னைவிட நன்றாகப் பேசுகிறாளாம். ஸ்டெல்லா அக்கா என்னோடு பேசுவதில்லை. "அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்க எடுத்திருப்பாங்க. வேணும்னே சொல்லல" என்று என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். உண்மையைச் சொன்னேன், பொறாமைக்காரி ஆனேன். உதவ வழியில்லாமல் நின்றேன், கல்நெஞ்சக்காரி ஆனேன்.

போன வருடம் எனக்கு ஐரோப்பிய லைசென்ஸ் கிடைத்தது. மத்தியூ கேக் வாங்கி வந்தான். இந்திய லைசென்ஸ் அதற்கு முன்பே காலாவதியாகியிருந்தது. அதைப் புதுப்பிக்க அண்மையில் அங்கே வேலை பார்த்த அனுபவம் காட்ட வேண்டும். நான் இருந்ததோ இங்கே. இப்போது நான் அனுப்பும் விமானம் சென்னைக்குப் போய் இறங்கலாம். அங்கே போய் ஒரு விமானத்தை அனுப்ப எனக்கு உரிமையில்லை.

இந்தமுறை விடுமுறை முடிந்து சென்னையில் விமானம் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கீழே ஒரு பொறியாளர், முன்சக்கரத்திலிருந்து உருவிய, சிவப்பு நாடா தொங்கும் இரும்புப் பின் ஒன்றை உயர்த்தி விமானிக்குக் காட்டினார். எல்லாம் சரி, போகலாம் என்று அர்த்தம். அதே தரையில் நின்று நான் எத்தனையோ முறை காட்டிய சைகை. என் கை தானாக எழுந்தது. அவர் விமானியை மட்டும்தான் பார்த்தார். அந்த வேலையில் யாரும் ஜன்னல்களைப் பார்ப்பதில்லை, நானும் பார்த்ததில்லை.

பக்கத்து இருக்கைப் பெரியவர் எட்டிப் பார்த்து, "தெரிஞ்சவங்களாம்மா?" என்று கேட்டார்.

 விமானம் நகரத் தொடங்கியது. கீழே நின்ற பொறியாளர் வெயிலில் சின்ன உருவமாகித் தெரிகிறவரை என் கை கண்ணாடியில் இருந்தது.