குஞ்சோட இருந்த லூலா மீன்

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போற பஸ்ல ஏறி, அலவத்துகொடையில இறங்கி உள்ளுக்கு நடந்தா வயல் நடுவுல ஒரு குளம் வரும். குளம்னு பேருதான், தண்ணியே கண்ணுக்குத் தெரியாது. ஆகாயத்தாமரையும் சல்வீனியாங்கிற பாசியும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பாய் விரிச்ச மாதிரி மூடிக் கிடக்கும். அந்தக் கரையில நின்னுக்கிட்டு, முன்பின் தெரியாத ஒரு மனுசனைப் பார்த்து நான் தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கு எப்பவுமே மூக்கு மேல கோவம். ஆனா அன்னைக்கு வந்தது வெறும் கோவம் இல்லை.

அப்ப என் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்து சில வாரம் ஆகியிருந்துச்சு. வயித்துல கட்டி. ஒப்பரேஷன்னு உள்ள கொண்டு போனாங்க, திறந்து பார்த்துட்டு அப்படியே தைச்சு வெளியே அனுப்பிட்டாங்க. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆசைப்பட்டதைச் சாப்பிடக் குடுங்க"ன்னு டாக்டர் சொன்னார். கேட்கிறதுக்கு நல்ல வார்த்தை மாதிரித்தான் இருக்கும். அந்த வார்டுல இருந்தவங்களுக்குத் தெரியும் அதுக்கு என்ன அர்த்தம்னு. அவளுக்கும் தெரிஞ்சிருச்சு. பஸ் வேணாம்னு திரீவீல் பிடிச்சு ஹந்தானையில எங்க வீட்டுக்கு ஏறி வர்ற வழியெல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு வெளியவே பார்த்துக்கிட்டு வந்தா.

ஆசைப்பட்டதைக் குடுங்கன்னா, அவளுக்கு ஆசையே இல்லையே! கஞ்சி வேணாம், சூப் வேணாம், தேத்தண்ணிகூட ரெண்டு வாய்க்கு மேல இறங்காது. சின்ன மக அப்பதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிருந்தா. பெரியவ விவரம் தெரிஞ்ச பிள்ளை, அம்மா பக்கத்துலயே உட்கார்ந்திருப்பா. மனைவியோட தங்கச்சி நாவலப்பிட்டியிலிருந்து வந்து வீட்டைப் பார்த்துக்கிட்டா. நான் டவுன்ல துணிக்கடையில வேலை. கல்யாணச் சேலை பார்க்க வர்றவங்களுக்குச் சிரிச்ச முகத்தோட சேலையை விரிச்சுக் காட்டிக்கிட்டு இருப்பேன். அந்த நாளையில நான் எப்படிச் சிரிச்சேன்னு எனக்கே இப்ப விளங்கலை.

ஒரு நாள் காலையில அவளே வாயைத் திறந்து கேட்டா. "ஏங்க, லூலா மீன் கிடைக்குமா? பிள்ளை வயித்துல இருந்தப்ப வச்சுத் தந்தீங்களே, அந்த மாதிரிக் குழம்பு."

விரால்னு சொல்றது தான் எங்க பக்கத்துல லூலா. இரத்தம் ஊறும்னு மாசமா இருக்கிறவங்களுக்கும், ஒப்பரேஷன் பண்ணிப் படுத்திருக்கிறவங்களுக்கும் தேடிப் பிடிச்சுச் சமைச்சுக் குடுப்போம். அவ கேட்டதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சாப்பிடக் கேட்டுட்டா! அப்ப பிழைச்சிருவான்னுதான் மனசு சொல்லுச்சு. முட்டாள் மனசு. கடைக்கு லீவு சொல்லிட்டு மார்க்கெட்டுக்கு ஓடினேன். தலபத்து இருக்கு, சாளை இருக்கு, திலாப்பியா குவிஞ்சு கிடக்கு. லூலா மட்டும் இல்லை. கட்டுகஸ்தோட்டையில பார்த்தேன், அங்கேயும் இல்லை. கருவாடு வேணுமான்னு ஒருத்தன் கேட்டான். வந்த ஆத்திரத்துக்கு அவனை அடிச்சிருப்பேன்.

எங்க கடையில வேலை செய்ற பையன்தான் போன்ல இந்தக் குளத்தைச் சொன்னான். தூண்டில் நரம்பும் முள்ளும் வாங்கிக்கிட்டு, வரப்புல மண்புழு தோண்டிக்கிட்டுக் கரைக்குப் போனேன். சின்ன வயசுல ஆத்துல கெண்டை பிடிச்ச தைரியம். இங்கே அது எடுபடுமா? எறிஞ்சா முள்ளு தண்ணிக்கே போகலை. சல்வீனியா மேல உட்கார்ந்துக்கிட்டு என்னைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. இழுத்தா முள்ளோட ஒரு கூடைப் பாசி வருது. பிய்ச்சுப் போட்டு மறுபடி எறிவேன், மறுபடி பாசி. அடியில மீன் இருக்கு, அது நல்லாத் தெரியுது. அங்கங்கே 'க்ளக்'னு காத்துக் குடிக்க வர்ற சத்தம் கேட்குது. என் வீட்டுல ஒருத்தி வாய் திறந்து கேட்டது அந்தப் பச்சைக்குக் கீழேதான் நீந்திக்கிட்டு இருந்துச்சு.

அப்பதான் அவர் வந்தார். என்னைவிட மூத்தவர், தொப்பி போட்ட முஸ்லிம் மனுசர், கையில ரீல் வச்ச நல்ல தூண்டில் தடி. எனக்கு ஒரு சலாம் மாதிரி தலையை ஆட்டிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்னார். நரம்பு நுனியில ரப்பர்ல செஞ்ச தவளை ஒண்ணு. முள்ளு ரெண்டும் தவளையோட முதுகோட ஒட்டிக்கிட்டு மேலே பார்த்து இருக்கும், அதனால பாசியில மாட்டாது. பாசிக்கு மேல எறிஞ்சு, நுனியை ஆட்டி ஆட்டி இழுத்தா நெசத் தவளை தத்திப் போற மாதிரியே வரும். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டு இருக்கிறப்பவே 'டொம்'னு பாசி வெடிச்சுது. தவளையைக் காணோம். அவர் அவசரப்படாம ஒரு மூச்சு விட்டுட்டுத் தடியைத் தூக்கினார். பாசியோட சேர்த்து என் முழங்கை நீளத்துக்கு ஒரு லூலா கரைக்கு வந்துச்சு.

எனக்கு உயிரே வந்துச்சு. எப்படியாவது கேட்டு வாங்கிடணும்னு அவர்கிட்டே ஓடினேன். நான் போறதுக்குள்ள அவர் முள்ளைக் கழட்டினார், மீனைத் தூக்கிப் பிடிச்சுப் போன்ல ஒரு படம் எடுத்தார், குனிஞ்சு தண்ணியில விட்டுட்டார். ஒரே துள்ளல். போச்சு.

நான் என்னெல்லாம் கத்தினேன்னு எழுத முடியாது. உங்களுக்கு விளையாட்டா, சாப்பிடாத மனுசனுக்கு எதுக்குய்யா தூண்டில், உங்க வீட்டுல யாரும் சாகக் கிடக்கலையான்னு வாய்க்கு வந்ததெல்லாம் வந்துச்சு. அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னதும் என் குரல் உடைஞ்சுது. கட்டி இருக்குன்னு தெரிஞ்ச நாளிலிருந்து அதுவரைக்கும் 'சாகக் கிடக்கிறா'ன்னு நான் அவளைப் பத்திச் சொன்னதே இல்லை. வரப்புல உட்கார்ந்து ஓன்னு அழுதேன்.

அவர் முகத்துல ஈயாடலை. பக்கத்துல வந்து குந்திக்கிட்டு, "தம்பி, என்ன நடந்த? செல்லுங்கொ"ன்னார். சொன்னேன். "யா அல்லாஹ்"ன்னு தலையில கை வச்சுக்கிட்டார். அவங்க ஒரு கூட்டமாப் பிடிச்சுத் திரும்ப விடுற ஆக்களாம், பிடிக்கிற சந்தோஷத்துக்குப் பிடிக்கிறது, தின்கிறதுக்கு இல்லை. அதை எனக்குச் சொல்றதுக்கே அவருக்குக் கூச்சமா இருந்துச்சு.

அதுக்குப் பிறகு அவர் எனக்கு ஒரு மீன் பிடிச்சுத் தரணும்னு எறிஞ்சுக்கிட்டே இருந்தார். கொஞ்ச நேரம் என் கையிலயும் தடியைக் குடுத்தார். பாசி வெடிச்சதும் உடனே இழுக்க வேணாம், தவளையை வாயில வச்சுக்கிட்டுக் கீழே திரும்பட்டும், அப்புறம் இழுன்னு சொல்லித் தந்தார். சொன்னா ஆச்சா? 'டொம்'னு சத்தம் கேட்ட உடனே எனக்குக் கை தானாப் பறக்கும். வெறும் தவளை என் மூஞ்சியைப் பார்த்துப் பறந்து வரும். எத்தனை தடவை இப்படி! பிறகு மழை பிடிச்சுக்கிச்சு. மழை விட்டதும் குளமே செத்த மாதிரி ஆயிருச்சு. சத்தமும் இல்லை, அசைவும் இல்லை. தங்கச்சி போன் எடுத்தா. "அத்தான், கிடைச்சிருச்சான்னு அக்கா கேட்டுக்கிட்டே இருக்கு"ன்னா. இந்தா வந்துட்டேன்னு பொய் சொன்னேன்.

அப்பதான் ஒண்ணு கவனிச்சேன். குளத்தோட ஒரு மூலையில பாசிக்கு நடுவுல ஒரு சின்ன ஓட்டை. அந்தப் பக்கம் மட்டும் அவர் ஒரு தடவைகூட எறியலை. சுத்திப் போனார், தாண்டிப் போனார், அதைத் திரும்பியும் பார்க்கலை. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஓட்டைக்குள்ள தண்ணி கொதிக்கிற மாதிரி செக்கச்செவேல்னு குஞ்சுங்க. நூல் நூலா, நெருக்கியடிச்சுக்கிட்டு மேலே வந்து வாயைத் திறந்து மூடிட்டுப் போகுதுங்க.

"நானா, இங்கே ஏன் எறியலை?"ன்னு கேட்டேன். அவங்க ஆக்கள்ல அண்ணனை நானான்னுதான் கூப்பிடுவாங்க.

அவர் நரம்பைச் சுத்தி எடுத்தார். "குஞ்சுக்குக் கீழ தாயும் தகப்பனும் ஈக்கி, தம்பி. தவளை போனா குஞ்சத் திங்க வருதுண்டு பாய்ஞ்சு கடிக்கும். பசிக்கில்ல. அதனால நாங்க அந்த எடத்துல எறியிறில்ல." காலையிலேயே அவருக்கு அது தெரியும். என் அழுகையையும் பார்த்துக்கிட்டு, தெரிஞ்சுக்கிட்டே மழையில நனைஞ்சு வேற எடத்துல தேடியிருக்கார். எனக்குக் கோவம் வரலை. தடியை என் கையில வச்சுட்டுச் சொன்னார்: "நான் எறிய மாட்டேன். நீங்க எறிய வாணாம் எண்டும் செல்ல மாட்டேன்."

அங்கே நின்ன நிமிஷத்தை நான் எப்படிச் சொல்ல? என் பிள்ளைங்க ரெண்டு பேரும் கண் முன்னால வந்தாங்க. இவ போயிட்டா அதுங்க என்ன ஆகும்னு நான் அதுவரைக்கும் நினைக்கவே பயந்துக்கிட்டு இருந்தேன். அந்தச் சிவப்புக் குஞ்சுங்களைப் பார்த்துக்கிட்டு நின்னப்ப அந்த நினைப்பு என்னைப் பிடிச்சு உலுக்குச்சு. ஆனாலும் வீட்டுல ஒருத்தி கேட்டுக்கிட்டுக் கிடக்கிறாளே. எறிஞ்சேன். தவளை ஓட்டைக்கு அந்தப் பக்கம் விழுந்துச்சு. ரெண்டு தத்து. பாசி வெடிச்சுது. அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். "இப்ப"ன்னு விட்டார். இழுத்தேன்.

பெரிய மீன். கரையில போட்டதும் அதோட கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. குஞ்சுங்க சிதறி எங்கேயோ போயிருச்சுங்க. அவர் ஒரு பையில தண்ணி எடுத்து, மீன் உயிரோட போகட்டும்னு உள்ள விட்டுக் கட்டினார். கிளம்புறப்ப நான் திரும்பிப் பார்த்தேன். ஓட்டையில மறுபடி சிவப்பாக் கூடியிருந்துச்சு. அதுக்கு அடியில தண்ணி மெல்ல ஒரு சுத்துச் சுத்துச்சு. "மத்தது ஈக்கி தம்பி"ன்னார். "ஒண்ணு போனா மத்தது உட்டுட்டுப் போறில்ல."

அவரே மோட்டார் சைக்கிள்ல என்னைக் கண்டிக்குக் கொண்டு வந்து, ஹந்தானை ஏத்தத்துல வீட்டு வாசல் வரைக்கும் விட்டார். உள்ளே வாங்கன்னேன், வரலை. பேரைக்கூட நான் கேட்கலை.

பொழுது சாயுறதுக்குள்ள தங்கச்சி புளி விட்டு, மிளகு அரைச்சுப் போட்டு, அவ கேட்ட மாதிரியே குழம்பு வச்சா. சுவர்ல தலைகாணி சாய்ச்சு அவளை உட்கார வச்சேன். வாசத்தை மோந்து பார்த்தா. ரெண்டு வாய் தின்னா. "உப்புக் கொஞ்சம் தூக்கல்"ன்னு தங்கச்சியைப் பார்த்தா. எங்க எல்லாருக்கும் சிரிப்பு வந்துருச்சு. அவ வாயிலிருந்து ஒரு குறை கேட்டு எவ்வளவு நாளாச்சு! மூணாவது வாய் எடுக்கிறதுக்குள்ள எல்லாம் வெளியே வந்துருச்சு. பெரியவ துண்டை எடுத்து ஓடியாந்தா. அன்னைக்கு நான் புரிஞ்சுக்கிட்டேன், இனி மருந்தும் இல்லை, மீனும் இல்லை.

துடைச்சுப் படுக்க வச்ச பிறகு, "எங்க பிடிச்சீங்க?"ன்னு கேட்டா. குளத்தைச் சொன்னேன், ரப்பர் தவளையைச் சொன்னேன், நான் கத்தினதைச் சொன்னேன். "உங்க வாய் இருக்கே!"ன்னு கண்ணை மூடிக்கிட்டே சிரிச்சா. மறைக்க மனசு வராம அந்தக் குஞ்சுங்களையும் சொல்லிட்டேன். கண்ணைத் திறந்தா.

"ஐயோ. இப்ப அதுங்களை யாருங்க பார்ப்பா?"

"மத்தது இருக்கு"ன்னேன். "அது விட்டுட்டுப் போகாதாம்."

ரொம்ப நேரம் என்னையே பார்த்தா. பிள்ளைங்க ரெண்டும் கீழே பாயில படுத்து ஏதோ கிசுகிசுத்துக்கிட்டு இருந்துச்சுங்க. அதுங்க பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு, "அப்ப சரி"ன்னா.

தீபாவளிக்கு முன்னாடியே போயிட்டா. அதுக்குப் பிறகு நான் பட்டதைச் சொல்லி முடியாது. சின்னவளுக்குத் தலை பின்னத் தெரியாம முடியைப் பிய்ச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கோம். பிள்ளைகளைச் சித்திகிட்ட விட்டுட்டுக் கட்டார் பக்கம் போ, இன்னொரு கல்யாணம் பண்ணுன்னு சொல்லாத ஆள் இல்லை. எல்லாத்தையும் உதறிட்டு எங்கேயாவது போயிருவோம்னு ஹந்தானை ரோட்டுல பாதி தூரம் இறங்கிப் போய்த் திரும்பி வந்த நாளும் உண்டு. அந்த மீனைப் பிடிச்சது சரியா தப்பான்னு என்னைக் கேட்டா இன்னைக்கும் எனக்குத் தெரியாது. பெரியவ இப்ப வேலைக்குப் போறா, சின்னவ படிக்கிறா. எனக்குச் சந்தோஷம்னு ஒண்ணு அதுக்குப் பிறகு வந்ததா நினைவில்லை. ஆனா என்னை நம்பி ஒருத்தி 'அப்ப சரி'ன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடியிருக்கா, அதுக்குப் பிறகு எனக்கு எங்கேயும் போக வழியில்லை.