தெருமரங்களுக்குச் சால்வு தண்ணீர் ஊற்றிய கோடை

எங்கள் தெருவில் சால்வு ஃபருஜாவைத் தெரியாதவர் கிடையாது. ஆஸ்திரேலியாவில், மெல்பர்னின் மேற்கே, நகராட்சியின் தண்ணீர் லாரியை ஓட்டியவர். புதிதாக நட்ட தெருமரங்களுக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதே வேலை.

அந்த வருஷம் மரம் நட மாநில அரசு பணம் கொடுத்தது. நடுவதற்கு மட்டும். தண்ணீருக்கு நகராட்சிதான் ஒதுக்க வேண்டும், ஒதுக்கவில்லை. தெருவின் பாதி வரைக்கும் பன்னிரண்டு யூகலிப்டஸ் கன்றுகளை நட்டார்கள். அடுத்த மாதமே லாரியை நிறுத்தி, சால்வுவையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோடை முடிந்ததும் வந்து பார்ப்பார்களாம். பாதிக்கு மேல் பிழைத்திருந்தால் மீதித் தெருவுக்கும் மரம் உண்டு. இல்லாவிட்டால் அந்தப் பணம் வேறு தெருவுக்கு.

சால்வு தன் பழைய வேனில் ஒரு டிரம்மை ஏற்றினார். விடிந்ததும் கன்றுகளுக்குத் தண்ணீர். குளிக்கும்போது காலடியில் வாளி வைத்துப் பிடித்த நீரையும் அவர் மனைவி ஜூசா கொண்டுவந்து கொடுப்பாள்.

"சம்பளம் குடுத்தப்பகூட இவ்ளோ சீக்கிரம் எந்திரிச்சதில்ல நீங்க."

"அப்ப மேஸ்திரி எழுப்புனான். இப்ப வெயில் எழுப்புது."

எதிர்வீட்டு மெர்வ் டிப்பெட்டுக்குச் சனிக்கிழமை வாசல் புல்லைச் சீவாவிட்டால் பீர் இறங்காது. அங்கே உச்சக் கோடையான ஜனவரியில் சால்வு இடுப்புப் பிடிப்போடு படுத்தபோது, உதவி செய்வதாக நினைத்து மெர்வ் நைலான் கயிறு சுழலும் மிஷினை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். கன்றுகளைச் சுற்றியிருந்த புல்லை அடியோடு ஒட்ட வெட்டினார்.

மறுநாள் சால்வு இடுப்பைப் பிடித்தபடி வந்து குனிந்து பார்த்தார். விரலால் தண்டைத் தடவினார்.

"மெர்வ், இங்க வா."

"என்னப்பா, லட்சணமா இல்ல? நீ ஊத்துற தண்ணிய எல்லாம் புல்லுதான் குடிச்சிட்டிருந்துச்சு."

"பட்டைய உரிச்சிட்டியே. சுத்திவர."

"அட, ஒரு கீறல்தானே?"

"வேருக்குச் சாப்பாடு எறங்குறதே அது வழியாதான். கொஞ்ச நாள் பச்சையா நிக்கும். அப்புறம் போயிடும்."

எட்டுக் கன்றுகள் அப்படி. மீதி நாலுக்கு வருவதற்குள் மெர்வின் கயிறு தீர்ந்துபோயிருந்தது.

சால்வு பன்னிரண்டுக்கும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்.

"சாகப்போறதுக்கு எதுக்கு ஊத்துறீங்க?" என்றாள் ஜூசா.

"ஏதாவது ஒண்ணு பொழைச்சா?"

அந்த எட்டில் எதுவும் பிழைக்கவில்லை. மார்ச் கடைசியில் நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். காய்ந்த கன்றுகளைப் பார்த்துவிட்டு, "தண்ணி இல்லாமதான் போச்சா?" என்று கேட்டாள்.

சால்வு வாய் திறக்குமுன் மெர்வ் முன்னால் வந்தார். "தண்ணிக்குக் கொறையே இல்லம்மா. நான்தான் மிஷின வெச்சு உரிச்சுட்டேன்."

அவள் அவரையும் சால்வுவையும் மாறிமாறிப் பார்த்தாள். "காரணம் எதுவா இருந்தாலும் உயிரோட இருக்குறது நாலுதானே. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மறுபாதித் தெருவுக்கு மரம் வரவில்லை. சால்வு மெர்வோடு பேசாமலே ஈஸ்டர் போனது, குளிரும் வந்தது. ஒரு சனிக்கிழமை மெர்வ் மிஷினோடு வாசலில் இறங்கியபோது, சால்வு வேலியோரம் நின்று சொன்னார்:

"அந்த நாலுகிட்ட அதோட போகாத. கையால புடுங்கு."

மெர்வ் மிஷினைக் கீழே வைத்துவிட்டு, ஈரப்புல்லில் மெதுவாக முட்டி போட்டார்.