பாங்கு சொல்லும் நேரத்தில் இரண்டாவது கோடு

மூன்று மாதமாக வாயைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். பத்தி எழுதுகிறவளுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா? வாராவாரம் உங்களோடு கேஸ் விலை, பஸ் கொண்டக்டர், எங்கள் தெரு நாய் என்று எதையெதையோ கதைத்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் வேறொரு விஷயம் துள்ளிக்கொண்டிருந்தது.

நேற்று என் தங்கை ரிஸ்னா போன் எடுத்தாள். "இனி எழுதுங்க ராத்தா, பேரை மட்டும் மாத்திடுங்க" என்றாள். மாற்றிவிட்டேன். எழுதுகிறேன்!

போன நோன்பின் கடைசிப் பத்து நாளில் ஒன்று அது. ரிஸ்னா கண்டக்குழியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் நிஸ்தார் சின்ன லொறியில் சிலாபம் சந்தைக்கு மீன் ஏற்றுகிறவர். நோன்பு திறக்க வரச் சொல்லியிருந்தார்கள். புத்தளத்தில் பஸ் ஏறி நான் போய்ச் சேரும்போது பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்திருந்தது. ஹோலில் அவளுடைய மாமியார் ஓதிக்கொண்டிருந்தார். குசினியில் ரிஸ்னா பெட்டிஸ் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கோடுதான் ராத்தா" என்றாள், எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கல்யாணமாகி எட்டு வருடம். எத்தனை ஒற்றைக் கோடுகளை அவள் பார்த்திருப்பாள் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். பெருநாளைக்குப் பெருநாள் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து, "என்ன, ஒண்டும் இல்லையா இன்னும்?" என்று கேட்பார்கள். உடனே ரிஸ்னா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விடுவாள். போனவள் லேசில் வெளியே வரமாட்டாள்.

இந்தத் தடவை ஒரு கோட்டோடு கதை முடியவில்லை. சிலாபத்தில் ஒரு டொக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு அட்டைக் குளிசை, மாதவிடாயை வரவைக்கிற மாத்திரை, கொடுத்திருந்தார். தேதி தள்ளிப்போனால் முதலில் டெஸ்ட் செய்து பார்க்க வேண்டும். இல்லை என்று வந்தால் மட்டும் குளிசையைத் தொடங்க வேண்டும். குளிசை போட்டு மாதவிடாய் வந்ததும் கர்ப்பப்பைக்குள் மருந்து விட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே குழந்தை இருந்தால் அந்தக் குளிசையும் கூடாது, எக்ஸ்ரே கூடவே கூடாது என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் கொடுத்தாராம்.

தேதி தள்ளிப்போயிருந்தது. காலையில் டெஸ்ட் செய்திருக்கிறாள். ஒரு கோடு. நோன்பு திறந்ததும் முதல் குளிசை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, உங்களுக்குத்தான் தெரியுமே... எந்தச் சாமான் வாங்கினாலும் பெட்டிக்குள் இருக்கும் கடதாசியை முழுதாக வாசிப்பேன். ரைஸ் குக்கர் கடதாசியைக்கூட விடுவதில்லை. வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அதனால் டெஸ்ட் பெட்டியைக் கொண்டு வரச் சொன்னேன்.

அலுமாரியில் உடுப்புக்கு அடியிலிருந்து எடுத்து வந்தாள். நிஸ்தார் சிலாபத்தில் வாங்கி வந்தது. பக்கத்திலேயே இருக்கும் கல்பிட்டியில் பாமசி இல்லையா? இருக்கிறது. பாமசிக்காரர் நிஸ்தாருக்குச் சொந்தம், அதுதான் பிரச்சினை! எங்கள் கரையில் இந்தச் சாமானை யாரும் சொந்த ஊரில் வாங்குவதில்லை. கல்பிட்டிக்காரர் புத்தளத்தில் வாங்குவார். புத்தளத்துக்காரர் சிலாபத்தில் வாங்குவார். சிலாபத்துக்காரர் எங்கே போவார்? நீர்கொழும்பாக இருக்கும். இப்படி முழுக் கரையோரமும் ஒரு சின்னப் பெட்டிக்காகத் தெற்கே பயணம் போய்க்கொண்டிருக்கிறது.

கடதாசியில் எழுதியிருந்தது: காலையில் முதலில் போகும் சிறுநீரில் டெஸ்ட் செய்யவும்.

"அப்படித்தானே செஞ்சேன்" என்றாள் ரிஸ்னா.

"எத்தனை மணிக்கு?"

விடிந்து, மாமி குளித்து முடித்த பிறகாம். பாத்ரூம் ஒன்று, ஆட்கள் பலர். அதற்கு முன் அவளுக்குத் தனிமை கிடைக்கவில்லை.

சரி. அதற்கு முன்னால்? விடியுமுன் சாப்பிட, ஸஹருக்கு எழும்பினாளா? எழும்பாமல் எப்படி, சோறு வைக்கிறவளே அவள்தானே. எழும்பியதும் பாத்ரூம் போனாளா? போனாள். பிறகு? பகலெல்லாம் தாகம் தாங்க வேண்டுமே என்று நாம் எல்லோரும் செய்கிறதைத்தான் அவளும் செய்திருக்கிறாள். தண்ணீர், பிளேன்டீ, மறுபடி தண்ணீர், பாங்குக்குச் சற்று முன் இன்னும் ஒரு பெரிய கோப்பை. சுபஹ் தொழுதுவிட்டு ஒரு தூக்கம். எழும்பி டெஸ்ட்.

முதல் சிறுநீர் ஸஹர் நேரத்திலேயே போய்விட்டது. இவள் டெஸ்ட் செய்தது ஸஹரில் குடித்த தண்ணீரை! அந்தக் கடதாசியை எழுதிய மனிதருக்கு ரமழான் என்று ஒரு மாதம் இருப்பது தெரியாது. காலை என்றால் எல்லாருக்கும் ஒரே காலை என்று நினைத்துவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் விஞ்ஞானம், பொறுத்துக்கொள்ளுங்கள். கரு கர்ப்பப்பையில் ஒட்டிக்கொண்டதும் எச்.சி.ஜி என்று ஒரு ஹோர்மோன் சுரக்கத் தொடங்கும். இரத்தத்தில் கலந்து, அங்கிருந்து சிறுநீருக்கு வரும். ஆரம்பத்தில் மிகக் கொஞ்சம், பிறகு மளமளவென்று ஏறும். டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் அந்த ஹோர்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பொருளைத் தடவியிருப்பார்கள். பிடிபட்டால் அந்த இடத்தில் நிறம் தெரியும். அதுதான் நாம் ஏங்கும் கோடு. மற்றக் கோடு ஸ்ட்ரிப் ஒழுங்காக வேலை செய்கிறது என்று சொல்ல மட்டும்தான். அதுவும் வராவிட்டால் ஸ்ட்ரிப்பைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

ஆரம்ப நாட்களில் தண்ணீரை நிறையக் குடித்துவிட்டு டெஸ்ட் செய்வது, மழை பெய்த மறுநாள் உப்புப் பாத்தியில் போய் உப்பைத் தேடுவது மாதிரி. உப்பு இல்லாமல் இல்லை. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அப்படியானால் நாளை ஸஹர் வரை காத்திருக்க வேண்டுமா? அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. நோன்பாளிக்கு நாள் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையே. சிறுநீர் நன்றாகச் செறிந்திருக்கும் நேரம் இதுவல்லவா?

"பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பாத்ரூம் போனியா?"

"இல்ல. லுஹருக்கு எடுத்த ஒளுவோடதான் அஸரும் தொழுதேன்."

தொழுகைக்கு முன் கைகால் கழுவி எடுக்கும் ஒளு, பாத்ரூம் போனால் முறிந்துவிடும்; முறியவில்லை என்றால் போகவில்லை என்றுதானே அர்த்தம். இதைவிட நல்ல சாட்சி எந்த லெப்பில் கிடைக்கும்? நிஸ்தார் நல்ல வேளையாக இரண்டு பெட்டி வாங்கியிருந்தார். அடுப்பை அணைத்தேன். ஒன்றை அவள் கையில் திணித்து பாத்ரூமுக்குள் தள்ளினேன்.

அவளுக்கு விருப்பமே இல்லை. ஒரே நாளில் இரண்டு தடவை ஏமாற வேண்டுமா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் கதவைச் சாத்தினேன்.

ஸ்ட்ரிப்பை அறை மேசையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்தோம். ஐந்து நிமிடம் என்று கடதாசி சொன்னது. போனில் நேரம் வைத்தேன். ஹோலில் கஞ்சிக் கோப்பைகள் வைக்கும் சத்தம். "ரிஸ்னா, வாங்க மகள், பாங்கு சொல்லப் போகுது" என்று மாமி கூப்பிட்டார். முதல் கோடு பளிச்சென்று வந்தது. ரிஸ்னா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பள்ளியில் பாங்கு தொடங்கியது.

நான் குனிந்து பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மெல்லிய ரோஸ் நிறத்தில், அடித்து அழித்த பென்சில் கோடு மாதிரி... இருந்தது. இரண்டாவது கோடு இருந்தது!

"உங்கட கண்ணுக்குத்தான் ராத்தா" என்றாள் அவள், திரும்பாமலே.

நோன்பு திறக்காமல் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க, கையில் பேரீச்சம்பழத்தோடு நிஸ்தார் வாசலுக்கு வந்தார். ஸ்ட்ரிப்பைப் பார்த்தார். போன் டோர்ச்சை அடித்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மங்கலா இரிக்கே மதினி?"

மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான் என்றேன். சொன்ன நேரத்துக்குள் நிறத்தோடு வந்தால் கணக்கில் சேரும். மணிக்கணக்காக வைத்துவிட்டுப் பார்த்தால் காய்ந்த தடம்கூடக் கோடு மாதிரித் தெரியும், அதை நம்பக் கூடாது. இது பாங்கு முடியுமுன் வந்த கோடு.

அதற்குப் பிறகுதான் ரிஸ்னா திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் ஒரே பேரீச்சம்பழத்தைப் பிய்த்து நோன்பு திறந்தோம். நிஸ்தார் எழும்பி, அலுமாரியிலிருந்து குளிசை அட்டையை எடுத்து என் கையில் தந்தார். "இது இந்த வீட்டில இரிக்க வேணாம்" என்றார்.

சும்மா துள்ளிக் குதிக்கவும் முடியாது. இந்த ஸ்ட்ரிப்கள் எவ்வளவு நம்பகமானவை என்று அடுத்த நாளே டொக்டரிடம் போனில் துருவித் துருவிக் கேட்டேன். ஒழுங்காகச் செய்தால் நன்றாகவே நம்பலாமாம். உண்டு என்று சொன்னால் பெரும்பாலும் உண்டு. அண்மையில் கரு கலைந்திருந்தால், அல்லது குழந்தைக்கென்று அதே ஹோர்மோன் ஊசி போட்டிருந்தால் மட்டும் ஏமாற்றலாம். இரண்டும் ரிஸ்னாவுக்கு இல்லை. இல்லை என்று சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும். நாள் போதாமல் இருக்கலாம், தண்ணீர் கூடியிருக்கலாம், சில நாள் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். உண்டு என்று வந்தாலும் கரு சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று ஸ்ட்ரிப்புக்குத் தெரியாது. அதற்கு ஸ்கேன்தான். குளிசையையும் எக்ஸ்ரேயையும் மறந்துவிடச் சொன்னார். நோன்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

புத்தளத்தில் டெஸ்டுக்கு இரத்தம் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து மறுபடி கொடுத்தோம். ஹோர்மோன் அளவு ஏறியிருந்தது. பெருநாள் கழிந்து ஸ்கேனில் இதயத்துடிப்பையும் பார்த்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். நிஸ்தார் அந்தப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ரசித்தார். திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது ஸ்கேன் இல்லை. அதற்கு முன் வந்த பெருநாள்.

கண்டக்குழி வீட்டு ஹோலில் கதிரைகள் நிறைய ஆட்கள். எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது, மாமிக்குக்கூட. நிஸ்தாரின் சாச்சி ஒருவர், சின்னம்மா முறை, பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தை வாயில் போட்டபடி வழக்கமான கேள்வியைக் கேட்டார். "என்ன ரிஸ்னா, ஒண்டும் இல்லையா இன்னும்?"

நான் குசினிப் பக்கம் பார்த்தேன்.

"அல்லாஹ்கிட்ட துஆச் செய்ங்க சாச்சி" என்றாள் ரிஸ்னா. வட்டிலப்பத்தில் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டாள். கதிரையை விட்டு அசையவேயில்லை.

தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் ஓடியது, இந்தத் தடவை நான்தான்.