ஜாடிக்கு வழி விடுங்கள்

நான் கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்த வருஷம்தான் கடைத்தெருவில் பிளாட்பாரம் போட்டார்கள். அதுவரை பிளாட்பாரம் என்றால் ரயிலடியில் மட்டும் இருப்பது என்று நினைத்திருந்தவள் நான். ஸ்ரீமுஷ்ணத்துப் பெண்ணுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்?

சிமெண்டு வழுவழுவென்று இருந்தது. பக்கத்தில் தார் ரோடு பள்ளமும் மேடுமாகக் கிடந்தது. சைக்கிள்காரர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு மறுநாளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். பிளாட்பாரத்தில் சைக்கிள், ரோட்டில் மாட்டு வண்டி, சேத்தியாத்தோப்பு பஸ், நடக்கிற ஜனங்கள். பால்காரர், தபால்காரர், பீங்கான் வேலைக்கு ஷிப்டு போகிறவர்கள் எல்லாரும் மேலேதான். ஜவுளிக்கடை முதலாளி தன் ஸ்கூட்டரையே ஏற்றிவிட்டார். வக்கீல் குமாஸ்தா ஒருவர் ஒரு கையில் குடையும் மறு கையில் ஹேண்டில்பாருமாக வருவார். மணி அடிக்கக் கை மிச்சமில்லாததால் இருமுவார். இருமல் கேட்டால் நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அவருக்கு உண்மையாகவே சளி பிடித்த நாட்களில் தெருவே காலியாக இருக்கும்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, வயிற்றில் பிள்ளை தங்கும் வரைக்கும். அதற்கு முன் இரண்டு முறை கலைந்துபோயிருந்தது. மூன்றாவது முறை ஐந்து மாதம் தாண்டியதும் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "தினமும் நல்லா நடக்கணும்மா. ஆனா எங்கயும் விழுந்துடக் கூடாது, ஜாக்கிரதை" என்று சொல்லி அனுப்பினார். நடக்கவும் வேண்டும், விழவும் கூடாது என்றால் இந்த ஊரில் எங்கே போவேன்? வீட்டுக்குள் நடந்தால் நாலு எட்டில் சுவர் வந்துவிடும். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு எருமை இருந்தது. அதற்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. மிச்சம் கடைத்தெருதான்.

முதல் நாளே ஒரு சைக்கிள் என் முந்தானையை உரசிக்கொண்டு போய் நின்றது. ஓட்டி வந்தவன் திரும்பிப் பார்த்து முறைத்தான்.

"இன்னாம்மா, பெல்லு அடிக்கிறது காதுல வுழல?"

"இது நடக்கிறவங்களுக்குப் போட்டதுப்பா."

"நாங்களும் நடக்கிற மாதிரி மெதுவாத்தான் போறோம்" என்று சொல்லிவிட்டுப் பறந்தான். என் கை வயிற்றைவிட்டு நகரவில்லை. அப்படியே ஒரு மளிகைக்கடை மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பயம், அதைவிடக் கோபம்.

என் வீட்டுக்காரர் பீங்கான் சூளையில் ஜாடி அடுக்கும் வேலையில் இருந்தார். அவரிடம் சொன்னேன்.

"ஓரமா நட" என்றார்.

"ஓரத்துல சாக்கடை இருக்குதுங்க."

"அப்ப நடுவுல நட" என்றார். அவரும் தினம் அந்த பிளாட்பாரத்தில் சைக்கிள் விடுகிற ஆள்தான். வேறு என்ன யோசனை வரும்?

அடுத்த வாரம் அவர் ஒரு ஊறுகாய் ஜாடி கொண்டுவந்தார். சூட்டில் வாய் கோணிப்போனது, மூடி உட்காராது. அந்த மாதிரிக் கோணல் சரக்கை வேலைக்காரர்களுக்கே மலிவாகக் கொடுத்துவிடுவார்கள். கடைத்தெருக் கோடியில் இருந்த என் நாத்தனாருக்குப் புளி போட்டு வைக்க உதவும் என்று மறுநாள் அதை இடுப்பில் அணைத்துக்கொண்டு கிளம்பினேன்.

எதிரே குமாஸ்தா இருமிக்கொண்டே வந்தார். ஜாடியைப் பார்த்ததும் இருமல் நின்றது. இறங்கி, குடையை மடக்கி, சைக்கிளை ரோட்டில் இறக்கி எனக்கு வழிவிட்டார். அடுத்து வந்த பால்காரர், "ஜாடி வருது, ஜாடி வருது" என்று பின்னால் வந்தவர்களுக்குக் குரல் கொடுத்தார். ஜவுளிக்கடை ஸ்கூட்டர் தானாகவே கீழே இறங்கியது. நான் ராணி மாதிரி நடந்துபோனேன்.

யோசித்தால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஊரில் பாதி வீட்டுக்குப் பீங்கான் வேலையில்தான் சோறு. மண் பிசைந்து, காயவைத்து, சூளையில் வேகவைத்து எடுப்பது என்ன பாடு என்று எல்லாருக்கும் தெரியும். ஜாடியை உடைத்தவன் அதற்கு விலை கொடுக்காமல் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது, கூட்டம் கூடிவிடும். ஆளை இடித்தால் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விடலாம். ஜாடிக்கு விலை உண்டு. எனக்கு இல்லை.

நாத்தனாருக்குப் புளி ஜாடி கிடைக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் காலி ஜாடியோடு போய், காலி ஜாடியோடு திரும்பினேன். பக்கத்து வீட்டு அக்கா பொறுக்க மாட்டாமல் கேட்டாள்: "தெனமும் யாருக்குடி ஊறுகா கொண்டு போற?" விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவே இல்லை. "சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போவணும், கொஞ்சம் குடு" என்று இரவல் வாங்கிக்கொண்டு போனாள்.

ஒன்பதாம் மாதம் ஒரு நாள் மாலையில் நான் ஜாடியோடு நடந்துகொண்டிருந்தேன். ஷிப்டு விட்டு ஒரு சைக்கிள் பிளாட்பாரத்தில் வேகமாக வந்தது. பின்னால் கேரியரில் இன்னொரு ஆள். ஓட்டி வந்தவர் "ஜாடி, ஜாடி" என்று கத்திக்கொண்டே ஹேண்டிலை ஒடித்தார். சைக்கிளும் இரண்டு பேரும் சாக்கடைக்குள் போனார்கள். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஜாடிக்கு ஒண்ணும் ஆவலியே?"

எனக்குப் பழகின குரல். எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் இடுப்பளவு கருப்பாக நின்றிருந்தார்.

"ஜாடி நல்லா இருக்குதுங்க" என்றேன். "அத்தத் தூக்கிக்கினு வர்றவ எப்படி இருக்கான்னும் ஒரு வார்த்தை கேளுங்க."

கேரியரில் வந்தவர் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு நழுவினார். வீட்டில் இவர் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "சத்தியமா உன்னப் பாக்கல. ஜாடியத்தான் பாத்தேன்" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் சொன்ன வார்த்தைகளில் இவ்வளவு உண்மையானது வேறில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுநாளிலிருந்து அவர் கடைத்தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனார் என்று கேள்வி. நான் நேரில் பார்த்ததில்லை.

பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாகப் பிறந்தது. மூன்றாம் மாதம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். கைக்குழந்தை இருக்கும்போது ஜாடி எதற்கு என்று ஒரு தைரியம். குமாஸ்தா எதிரே வந்தார். இருமினார். நான் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவளுக்கு நடை வந்ததும் வீட்டுக்காரரிடம் ஒரு பீங்கான் யானை பொம்மை வாங்கிவரச் சொன்னேன். முதல் முதலாக பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டபோது அதை அவள் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் யானையைக் கட்டிக்கொண்டு தத்தித் தத்திப் போனாள். சைக்கிள்கள் வரிசையாக இறங்கின. "பாப்பா, பாத்து, கீழ போட்டுடாத" என்றார் குமாஸ்தா. அவர் சொல்லி வாய் மூடவில்லை, போட்டுவிட்டாள்.

தெருவே நின்றுவிட்டது. பால்காரர் தும்பிக்கையைப் பொறுக்கினார். குமாஸ்தா குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு காதைத் தேடினார். "அடடா, எவ்ளோ நல்ல பொம்மை" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் அவளைத் தூக்கி இரண்டு பாதங்களையும் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

அன்று ராத்திரி சோறு போடும்போது வீட்டுக்காரரிடம், "நாளைக்கு வரும்போது ரெண்டு யானையா வாங்கிக்கினு வாங்க" என்றேன். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை.