பெரியண்ணன் வாயாலேயே வர வேண்டும்

ஆவுடையார்கோவில் பக்கத்தில் செவந்தி ஓட்டுகிற ஷேர் ஆட்டோ அவள் புருஷன் ராசுவுடையது. கடலைக்கொல்லையில் ராசுவைக் கண்ணாடி விரியன் கடித்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றுதான் அவள் சொன்னாள். கொழுந்தன் குழந்தைசாமியோ, மந்திரித்து விஷம் இறக்குகிற பெரியண்ணன் என்கிற கிழவர் வீட்டுக்கு அண்ணனைத் தூக்கிப்போனான்.

பெரியண்ணன் வேப்பிலையால் தடவி மந்திரித்தார். "ஊசி போட்டா மந்திரம் முறிஞ்சுபோகும். இங்கிட்டே கெடக்கட்டும்" என்றார்.

செவந்திக்கு மந்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பெரியவர்கள் நம்பிக்கைக்குக் குறுக்கே நிற்கக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டாள். பொழுது சாயும்போது ராசுவின் ஈறுகளில் ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கருமாதி முடிந்த கையோடு அவள் பெரியண்ணன் வாசலில் போய் நின்று கத்தினாள். ஊர் கூடிவிட்டது.

"அவரு நம்பிக்கை அவருக்கு. பிடிக்கலைன்னா நீங்க வராதீங்க அண்ணி" என்றான் குழந்தைசாமி.

"அவரு சாமி கும்பிடட்டும், பூசை போடட்டும். நான் ஏன்னு கேக்க மாட்டேன். ஊசி போடாதன்னு சொன்னாருல்ல, அதுக்குப் பதில் சொல்லட்டும்."

பெரியண்ணன் அசையவில்லை. "அவன் விதி முடிஞ்சுபோச்சு ஆத்தா. மந்திரம் என்ன செய்யும்?"

அந்தப் பேச்சு அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. மந்திரம் பொய்யென்று இவர் வாயாலேயே சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று முடிவுகட்டினாள். ஆட்டோ ஓட்டப் பழகினாள். பாம்பு கடித்து அவரிடம் வருகிறவர்களை வழிமறித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனாள். சிலர் ஏறினார்கள், சிலர் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

போன ஐப்பசியில் பெரியண்ணனின் மருமகள் ரஞ்சிதாவை விறகடுக்கில் இருந்த விரியன் கடித்துவிட்டது. மகன் சிங்கப்பூரில் இருந்தான். பெரியண்ணன் வேப்பிலையைத் தொடவில்லை. மருமகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்து, கிடைத்த வண்டியை மறித்தார். அது செவந்தியின் ஆட்டோ.

"ஆத்தா, அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்கு விடு."

அவர் கெஞ்சி நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது. வண்டியை அணைத்தாள்.

"ஒங்க மந்திரம் எங்க மாமா?"

"அக்கா…" என்று ரஞ்சிதா முனகினாள். அதற்குமேல் செவந்தியால் பொறுக்க முடியவில்லை. இருவரையும் ஏற்றிக்கொண்டு பறந்தாள்.

ஊசி ஏறியது. பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னதும், பெஞ்சில் இருந்த பெரியண்ணன் முன்னால் செவந்தி வீடியோவை ஓடவிட்டுப் போனை நீட்டினாள்.

"சொல்லுங்க. மந்திரம் வெசத்த எறக்காது, ராசு செத்தது என்னாலதான்னு."

"ஊரு காறித் துப்பும் ஆத்தா."

"துப்பட்டும். எம்புருஷன நான் பொணமா வீட்டுக்குக் கொண்டாந்தேன்."

அவர் மருமகள் படுத்திருந்த அறைப் பக்கம் பார்த்தார். மெல்லச் சொன்னார்.

"சத்தமா."

அழுதுகொண்டே மறுபடி சொன்னார். ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அங்கேயே அதை அனுப்பினாள்.

அதற்குப் பிறகு மந்திரிக்க யாரும் அவர் வாசல் மிதிக்கவில்லை. கிழவனை இப்படியா சந்தி சிரிக்க வைப்பது என்று பாதி ஊர் அவளை ஏசியது. ஒருநாள் குழந்தைசாமியும் அவள் வீட்டுக்கு வந்து, கொடுத்த டீயோடு உட்கார்ந்தான்.

"வெளிய தலகாட்ட மாட்டேங்குறாரு அண்ணி. இன்னுமா ஒங்களுக்கு ஆறல?"

"ஆறல" என்றாள். "அன்னிக்கு அவருகிட்ட தூக்கிட்டுப் போனது நீதான். நீ எப்பச் சொல்லப்போற?"

அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.